ரெண்டாம் வேலை: யாருக்கு வருமானம், யாருக்கு வெட்டி?

(விருத்தாசலத்தில் மாணவர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் கூடிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே,

'சம்பளத்துக்கு மேல நாலு காசு பாக்குறது' என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வங்கியில் இருப்பவன், காசு விஷயம் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கலாம். அழைப்பிதழில் என் பேருக்குக் கீழே 'கவிஞர், வங்கி எழுத்தர்' என்று போட்டிருக்கிறது. இதில் சம்பளம் வருவது ஒன்றுக்குத்தான். இன்னொன்றுக்கு இதழின் ரெண்டு பிரதி வரும், தபாலில் தொலையாமல் இருந்தால்.

அதனால் நாலு காசு பார்க்கும் வழி சொல்ல நான் தகுந்த ஆள் இல்லை. நான் கேட்க வந்தது வேறு கேள்வி. வேலை விட்ட பிறகு செய்கிற ரெண்டாவது வேலை எல்லாச் சாதிக்கும் ஒன்றாக இருக்கிறதா? யாருக்கு அது வருமானம், யாருக்கு அது வெட்டி? வெட்டி என்று நான் சொல்வது நம் தாத்தாக்கள் செய்த வெட்டி. கூலி கேட்க முடியாத, மாட்டேன் என்று சொல்ல முடியாத ஊர் வேலை. ஊரிலேயே அதிகம் உழைத்தவனின் பெயரை எடுத்து, வேலை செய்யாதவனுக்கு 'வெட்டிப்பய' என்று வைத்திருக்கிறது நம் மொழி. இதைத் தனியாக ஒருநாள் பேச வேண்டும்.

முதலில் சட்டம். என் மாதிரி வங்கி ஊழியர்களுக்கு 1966 அக்டோபர் 19இல் கையெழுத்தான முதல் இருதரப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதில் கடும் ஒழுங்கீனங்கள் என்று ஒரு பட்டியல். பணம் கையாடுவதற்கும், குடித்துவிட்டு வருவதற்கும் முன்னால், பட்டியலின் முதல் வரியிலேயே நிற்பது இதுதான்: வங்கியின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் வேறு வியாபாரமோ தொழிலோ செய்வது. 2002 ஏப்ரல் 10 ஒப்பந்தத்திலும் அந்த வரி அப்படியே தொடர்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964 நடத்தை விதிகளில் 15ஆவது விதி. அதிலும் தடைதான். ஆனால் இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்து எப்போதாவது செய்கிற வேலைக்கு முன் அனுமதி தேவையில்லை என்று ஒரு சலுகை உண்டு. சன்மானமே வராத காரியத்தை வியாபாரம் என்று சொல்ல அரசாங்கத்துக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

எழுதிய விதி இப்படி. நடப்பது என்ன? எந்த அலுவலகத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி பேரில் இன்சூரன்ஸ் ஏஜென்சி. மச்சான் பேரில் மனைப்பிரிவு. அப்பா பேரில் அஞ்சு ஏக்கர் கரும்பு, அதை மேற்பார்க்க சனிக்கிழமை. தெருவில் சீட்டு. தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று சொல்லி மூணு வட்டி. யாரும் இதை ஒழுங்கீனம் என்று சொல்வதில்லை, 'சாமர்த்தியம்' என்கிறார்கள். நான் இவர்கள் மேல் பொறாமையில் பேசவில்லை. இந்தச் சாமர்த்தியத்துக்கு என்னென்ன மூலதனம் வேண்டும் என்று மட்டும் பாருங்கள். நிலம் வேண்டும். பேர் மாற்றி வைக்க, காசுள்ள உறவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, நாலு தெரு சனம் உன் கையில் காசைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும். சேரியிலிருந்து ஒருத்தன் சீட்டுப் பிடித்தால் ஊர்த்தெருவிலிருந்து எத்தனை பேர் கட்டுவார்கள்? நம் பெண் ஒருத்தி இட்லிக்கடை போட்டால் ஊர்க்காரன் பொட்டலம் கட்டி வாங்கிப்போவானா?

இது படிப்பால் தீர்ந்துவிடும் என்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 1917இல் ஒருவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு ஊர் திரும்பினார். பரோடா அரசில் வேலை, தங்க இடம் தர ஆளில்லை. பம்பாய்க்குத் திரும்பி வந்து பிழைப்புக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பங்குச் சந்தையில் முதலீடு செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றும் தொடங்கினார். ஆலோசனை நன்றாகத்தான் இருந்தது. சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் நின்றுபோனார்கள். கடை மூடப்பட்டது. அவர் அம்பேத்கர். 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கேயும் ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். பிறகு பாரிஸ்டர் ஆனார். ஆனபின்னும் வக்கீல் வருமானம் போதாமல் 1925 முதல் 1928 வரை பட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேரமாக வணிகச் சட்டம் நடத்தினார். பாபாசாகேப் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறோம், கோட்டும் புத்தகமும் தெரிகிறது. சாயங்காலம் இன்னொரு இடத்துக்குப் பாடம் எடுக்க ஓடிய மனுசன் அந்தப் படத்தில் தெரிவதில்லை.

அந்த மனுசன்தான் 1942இலிருந்து 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினர். ஆண்டு முழுக்க ஓடும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48 மணி நேரமானது 1946 திருத்தத்தில். வேலை நேரத்துக்கு ஒரு கோடு போடுவது என்றால் நமக்கு என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நேரம் உன்னுடையது. நம் சனத்துக்கு இது வரலாற்றில் புதிது. பகல் முழுக்கப் பண்ணையில் கழனி வேலை, அது முதல் வேலை. பொழுது சாய்ந்தால் செத்த மாடு தூக்கக் கூப்பிடுவான். எழவு சொல்ல நாலு ஊர் நடக்கணும். சாமி ஊர்வலம் என்றால் பறை, பொணம் என்றாலும் பறை. கூலி என்று பேர் கிடையாது. களத்தில் தூற்றி முடித்து அடியில் கிடக்கிற கருக்காநெல்லும் மிஞ்சின சோறும்தான். நம் ஊர்க்காரர் இமையம், ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், 1994இல் 'கோவேறு கழுதைகள்' கொண்டுவந்தார். சேரிக்கு வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. நமக்கும் கீழே ஒரு குடும்பத்தை நாம் இதே மாதிரி வைத்திருந்தோம் என்று அது காட்டியபோது நம்மிலேயே சிலருக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டது போதும், திரும்பப் படியுங்கள்.

இப்போது இந்த ஊருக்கு வருகிறேன். விருத்தாசலம் பீங்கான் ஊர். செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் படிப்புக்கென்று அரசு நிறுவனம், நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண். பியூஸ் கேரியர், கொலு பொம்மை, கார்த்திகை அகல் எல்லாம் இங்கிருந்து போகிறது. களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பொம்மையை எடுத்து, ரெண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் நிற்கிற கோட்டைச் சுரண்டி, காயவைத்து, கிளேஸ் கொடுத்து, 1200 டிகிரிக்குப் பக்கத்தில் சூளையில் வேக வைக்கிறார்கள். நவராத்திரிக்கு முன்னால் பொம்மை வேலை நெருக்கும். கார்த்திகைக்கு முன்னால் அகல். அப்போது பட்டறைப் பெண்கள் சிலர் வீட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். ராத்திரி சாப்பாடு ஆனதும் சுரண்டுவது, கண் எழுதுவது, பார்டர் போடுவது. பீஸுக்கு இவ்வளவு என்று கணக்கு. நான் ஒரு அக்காவிடம் கேட்டேன், என்னக்கா இது என்று. "சைடு வருமானம் தம்பி" என்றார் பெருமையாக.

அந்தப் பெருமையை நான் கெடுக்க விரும்பவில்லை. ஆனால் கணக்கு எழுதுகிறவன் என்பதால் ஒன்று உறுத்துகிறது. அந்த அக்கா அதே பொம்மையை அதே பட்டறையில் உட்கார்ந்து ராத்திரி எட்டரை வரை சுரண்டினால் அதற்குப் பெயர் ஓவர்டைம். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 59ஆவது பிரிவு அதற்கு இரட்டைக் கூலி என்று சொன்னது. மூட்டையாகக் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சைடு வருமானம், பீஸ் ரேட். கை அதே கை, பொம்மை அதே பொம்மை. கரண்டு பில் மட்டும் அக்காவோடது. பொம்மை சுரண்டும்போது பறக்கிற தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது. பட்டறையில் பறந்தால் அது தொழில்நோய், கேட்க ஒரு முதலாளி இருக்கிறார். வீட்டில் பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளை மூக்கில் போனால் யாரைக் கேட்பது?

அந்த 1948 சட்டத்தின் 60ஆவது பிரிவு, ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த நாளிலேயே இன்னொரு தொழிற்சாலையில் ஒருவரை வேலை வாங்கக் கூடாது என்று சொன்னது. தொழிலாளியின் உடம்பைக் காக்கப் போட்டது. வீடு தொழிற்சாலை ஆகாது என்பதால் அந்தக் காவல் வீட்டு வாசலோடு நின்றது. மின்சாரத்தில் ஓடுகிற பட்டறையில் பத்துப் பேர் இருந்தால் அது தொழிற்சாலை என்று அந்தச் சட்டம் எண்ணியது. 2025 நவம்பரில் அமலுக்குக் கொண்டுவந்த புதிய தொகுப்பில் அந்தப் பத்து இருபதாகிவிட்டது. பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் நம் ஊரில் எத்தனை பட்டறை இருக்கிறது என்று தொழிற்சங்கத் தோழர்கள்தான் எண்ணிச் சொல்ல வேண்டும்.

முந்திரிக்கும் இதே கதைதான். இந்தப் பக்கத்துப் பெண்கள் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை வெந்துபோய் வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஓட்டிலிருந்து வருகிற எண்ணெய் தோலைத் தின்னும். வங்கியில் கைரேகை வைக்கச் சொன்னால் எந்திரம் எடுக்க மாட்டேன் என்கிறது. "ரேகை இல்லம்மா" என்று கவுன்ட்டரில் சொல்கிற வேலை எனக்கு.

இனி சொல்லப்போவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

நகராட்சியில் ஒப்பந்தத்தில் தூய்மைப் பணி செய்கிற ஒருவரை எனக்குப் பல வருசமாகத் தெரியும். விடிகாலையில் வேலைக்குப் போனால் மதியத்தில் முடியும். கணக்கில் சம்பளம் ஏறுகிற அன்றைக்கே எடுத்துவிடுவார், பாதி வட்டிக்கு. மதியத்துக்கு மேல் போன் வரும். "டேங்க் ரொம்பிடுச்சி, வர்றியா?" லாரி போக முடியாத சந்து. அல்லது லாரி உறிஞ்சிய பிறகு அடியில் கல்லாக இறுகிய கசடு. அதற்கு ஆள் இறங்கணும். ஒரு டேங்குக்குக் கிடைப்பது அவருடைய பலநாள் கூலி. நான் கேட்டேன், "ஏண்ணே போற, வாணாம்னு சொல்லக்கூடாதா?" என்று. அவர் என்னைப் பார்த்த பார்வையைக் கவிதையில் வைக்க ரொம்ப நாளாக முயல்கிறேன், முடியவில்லை. "வாணாம்னா வட்டிக்காரன் வாணாம்னு சொல்லுவானா தம்பி?"

சட்டம் என்ன சொல்கிறது? 2013இல் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. பாதுகாப்புக் கருவியில்லாமல் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவதை அதன் 7ஆவது பிரிவு தடுக்கிறது. முதல் தடவை மீறினாலே ரெண்டு வருசம் வரை சிறை, ரெண்டு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டுமே. 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் சாக்கடைச் சாவுக்கு அது 30 லட்சம் ஆனது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையாமல். எல்லாம் தாளில் இருக்கிறது. ஆனால் குழியில் சாவு விழுந்ததும் முதல் கேள்வி என்ன வருகிறது? "அவர் அப்போ டியூட்டியில் இல்லையே!" நிர்வாகம் சொல்லும், எங்கள் ஆள் மதியத்தோடு போய்விட்டார். வீட்டுக்காரர் சொல்வார், லாரிக்காரனைத்தான் கூப்பிட்டேன். லாரிக்காரன் சொல்வான், அவனே ஆசைப்பட்டு இறங்கினான். சைடு வேலை என்கிற ஒரு சொல் மூணு பேரையும் காப்பாற்றிவிடுகிறது. செத்தவன் தன் பேராசையால் செத்தவன் ஆகிறான்.

மாணவர்களே, இதை நினைவில் வையுங்கள்: மேலே சொன்ன சட்டத்தில் டியூட்டி நேரம் என்று ஒன்றும் இல்லை. இறக்கியவர் தனியாராக இருந்தாலும் குற்றம்தான். நிவாரணம் கேட்க, அவர் எங்கே வேலை பார்த்தார் என்ற சீட்டு வேண்டியதில்லை. முதல் தகவல் அறிக்கையில் 2013 சட்டமும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் போடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் முதல் வேலை. வெறும் கவனக்குறைவால் சாவு என்று எழுதி மூடிவிடுவார்கள். குழிக்குள் இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகின முட்டையாக நாறும், அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போச்சு என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்து. முதல் ஆளைத் தூக்க ரெண்டாம் ஆள் இறங்கிச் சாவதும் இதனால்தான். இதை நம் குடியிருப்புகளில் போய்ச் சொல்லுங்கள்.

அவர் ஏன் ரெண்டாவது வேலைக்குப் போனார்? முதல் வேலையின் சம்பளம் பத்தாததால். ஏன் பத்தவில்லை? நிரந்தரப் பணியிடத்தைக் குறைத்து ஒப்பந்தக்காரன் கையில் கொடுத்ததால். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ரெண்டு வாரம் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் கேட்டது இதைத்தான். எங்களைத் தனியாரிடம் தள்ளாதே, இருக்கிற சம்பளத்தைக் குறைக்காதே. நள்ளிரவில் கைது செய்தார்கள். முதல் சம்பளத்தில் வெட்டுகிற ஒவ்வொரு ரூபாயும் ஒருத்தரை ரெண்டாவது வேலைக்குத் தள்ளும். மற்ற சாதிக்காரர் தள்ளப்பட்டால் கடை போடுவார், ஆட்டோ ஓட்டுவார். நம் ஆள் தள்ளப்பட்டால் போய் விழுகிற இடத்தைச் சாதி முன்னாலேயே தோண்டி வைத்திருக்கிறது.

அவர்தானே விரும்பிப் போகிறார், யாரும் பிடித்துத் தள்ளவில்லையே என்று பொதுப்புத்தி கேட்கும். 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி இதற்குப் பதில் எழுதிவிட்டார். அடித்து வாங்கினால்தான் கட்டாய உழைப்பு என்று இல்லை. பசியும் வறுமையும் வேறு வழி விடாமல், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவரை வேலை வாங்கினால் அதுவும் அரசியல் சட்டத்தின் 23ஆவது உறுப்பு தடுக்கிற கட்டாய உழைப்புதான். இந்தத் தீர்ப்பைப் பொம்மை சுரண்டுகிற அக்காவின் பீஸ் ரேட்டோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். சட்டம் படிக்கிற பிள்ளைகள் இதை ஒரு வேலையாக எடுத்துச் செய்யலாம்.

பறைக்குழு வைத்திருக்கிற தம்பிகள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் முன்பே கேட்டார்கள், "அண்ணே, நாங்க கல்யாணத்துக்கு, கல்லூரி விழாவுக்குப் போய்க் காசு வாங்குறமே, அது தப்பா?" பறையைக் கீழே போட்டதும் போராட்டம்தான், திரும்ப எடுத்ததும் போராட்டம்தான் என்று ரெண்டு கட்சியாக நாம் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம். என் அளவுகோல் சின்னது. வரமாட்டேன் என்று சொல்ல முடிகிறதா? நீங்கள் ரேட் சொல்கிறீர்கள், தேதி ஒத்துவரவில்லை என்றால் மறுக்கிறீர்கள், வண்டி அனுப்பச் சொல்கிறீர்கள். அது தொழில், வாங்குங்கள், கூட்டியே வாங்குங்கள். ஆனால் அதே தம்பியின் ஊரில் ஒரு பெரிய வீட்டில் சாவு விழுந்து, "உங்கப்பன் அடிச்சான்ல, நீ வந்து அடி" என்று ஆள் வரும்போது, கையில் ஐயாயிரமே கொடுத்தாலும் அது வெட்டி. காசு கொடுத்ததால் வெட்டி கூலியாகிவிடாது.

படித்தவர்களின் உலகத்துக்கும் ஒரு வார்த்தை. 2022இல் கணினி நிறுவனங்களில் 'மூன்லைட்டிங்' என்று ஒரு கூச்சல் கிளம்பியது. வீட்டிலிருந்து வேலை பார்த்த இளைஞர்கள் இன்னொரு கம்பெனிக்கும் வேலை செய்கிறார்களாம். விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி அதை ஏமாற்று வேலை என்றார், அந்த செப்டம்பரில் 300 பேரை நீக்கியதாகச் சொன்னார். இன்ஃபோசிஸ் முதலில் எச்சரித்தது, பிறகு அக்டோபரில் அனுமதி வாங்கிச் செய்யலாம் என்று இறங்கி வந்தது. நாடு முழுக்க விவாதம், தொலைக்காட்சியில் நிபுணர்கள். நிலா வெளிச்சத்தில் நம் பாட்டிமார் களத்துமேட்டில் போரடித்தபோது அதற்கு ஒரு ஆங்கிலப் பெயரும் யாரும் வைக்கவில்லை. அந்த 300 பேருக்காக நான் வருத்தப்படத்தான் செய்கிறேன். ஒரு தொழிலாளியின் முழுநாளையும் தன்னுடையது என்று நினைக்கிற முதலாளி யாராக இருந்தாலும் பண்ணையார்தான்.

கடைசியாக என்னைப் பற்றியும் கேட்பீர்கள். 2024 மார்ச்சில் கையெழுத்தான பன்னிரண்டாவது இருதரப்பு ஒப்பந்தப்படி வங்கி எழுத்தரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 24,050 ரூபாய், அதற்கு மேல் படிகள். குறை சொல்ல மாட்டேன், பட்டறை அக்காவுக்கு முன்னால் நின்று குறை சொல்ல வாய் வராது. எங்கள் வகையறாவில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் அது ஒரு குடும்பத்தின் சம்பளம் இல்லை. தங்கச்சி படிப்பு, சித்தப்பா ஆஸ்பத்திரி, தெருவில் ஒரு சாவு, எல்லாம் அதில். "உனக்கென்னப்பா, கோட்டாவுல வந்துட்ட, செட்டிலாயிட்ட" என்று சக ஊழியர் ஒருவர் சொல்வார். அவர் தாத்தாவின் நிலத்தை எந்தக் கோட்டா கொடுத்தது என்று நான் கேட்டால் முகம் சுருங்கிவிடும். சாயங்காலம் ஆறரைக்கு மேல் காலனி நூலகத்தில் வங்கித் தேர்வுக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. வாங்கினால் ஒழுங்கீனம், வாங்காவிட்டால் பிழைக்கத் தெரியாதவன் என்று வீட்டில் சொல்கிறார்கள். ரெண்டாவது வேலை என்று எனக்கு ஒன்று இருந்தால் அது இதுதான். இதற்கு நான் மாட்டேன் என்று சொல்லலாம், இதுவரை தோன்றவில்லை.

ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். ஒரு அறிவிப்பு மட்டும். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தூய்மைப் பணியாளர் குடியிருப்பில் கூடுகிறோம். ஒப்பந்தத் தொழிலாளர்கள் அடையாள அட்டை, வங்கிப் பாஸ்புக், இருந்தால் பி.எஃப். எண்ணும் ஈ.எஸ்.ஐ. எண்ணும் எடுத்துவரட்டும். கணக்கில் ஏறிய சம்பளமும் அரசு அறிவித்த சம்பளமும் ஒன்றா என்று வரிவரியாகப் பார்க்கப்போகிறோம். பிடித்தம் செய்த பி.எஃப். கட்டப்பட்டிருக்கிறதா என்று செல்போனிலேயே பார்த்துவிடலாம். கூட்டல் கழித்தல் தெரிந்த மாணவர்கள் பத்துப் பேராவது வேண்டும். பேனா நீங்களே கொண்டு வாங்க, டீ நாங்க வாங்கித் தர்றோம்.